மீனின் சத்து சட்டியில் எங்கே போகிறது?

இதயக் குழாய் அடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருக்கும் உங்கள் தந்தைக்கு வாரம் இரண்டு முறை மீன் கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். வறுத்தால் சத்தெல்லாம் எண்ணெயில் இறங்கிவிடும் என்கிறார் உங்கள் அம்மா. புளிக்குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தால்தான் சத்து கரைந்துபோகும் என்கிறார் உங்கள் மாமா. தந்தையோ வறுவல் இல்லாத மீன் சாப்பாடு வேண்டாம் என்கிறார். எப்படிச் சமைத்தால் மீனின் சத்து வீணாகாமல் உடம்பில் சேரும் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பல ஆண்டுகளாக உணவியல் பாடம் நடத்தி வருபவள் என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன். ஏனென்றால், 'குழம்பு நல்லது, வறுவல் கெட்டது' என்று ஒரே வரியில் முடிக்கும் அளவுக்கு இது எளிமையான செய்தி அன்று.

அம்மா சொல்வதும் மாமா சொல்வதும் ஆளுக்குப் பாதி உண்மை. கொழுப்பில் கரையும் சத்துகளுக்கு அம்மாவின் கூற்று பொருந்தும். நீரில் கரையும் சத்துகளுக்கு மாமாவின் கூற்று பொருந்தும். ஆனால், மாமா ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார். குழம்பில் கரைந்த சத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து நாமே சாப்பிட்டுவிடுகிறோம். எண்ணெய்ச் சட்டியில் இறங்கியதோ சட்டியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே, சத்து மீன் துண்டைவிட்டு வெளியேறுகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், வெளியேறியது எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் புரதத்தைப் பார்த்துவிடலாம். அதில் கவலைப்பட அதிகம் இல்லை. பச்சை மீனின் எடையில் எழுபது முதல் எண்பது விழுக்காடு தண்ணீர். புரதம் பெரும்பாலான மீன்களில் 16 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். எஞ்சியது கொழுப்பும் தாதுக்களும். ஆட்டுக்கறியோடு ஒப்பிட்டால் மீன் தசையில் இணைப்புத் திசு மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சமும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். அதனால்தான் கறி வேக முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் மீன் சில நிமிடங்களில் வெந்து உதிர்கிறது. தசைப் புரதங்கள் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் உருக்குலையத் தொடங்கி, 70 டிகிரிக்குள் ஏறத்தாழ முழுவதும் இறுகிவிடுகின்றன. இந்த உருக்குலைவு இழப்பு ஆகாது. உண்மையில் செரிமானத்துக்கு அது உதவியே. குழம்போ வறுவலோ அவியலோ எதுவாயினும் மீன் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நமக்குச் செரித்துவிடும். துண்டு கருகி, ஓரங்கள் கரியாகும் அளவுக்கு வறுத்தால் மட்டும் லைசின் என்னும் அமினோ அமிலத்தில் ஒரு பகுதி பயன்படாமல் போகும்.

இந்த இடத்தில் பலர் ஏமாறும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவு அட்டவணைகளில் 'வறுத்த மீன், 100 கிராமில் புரதம் இவ்வளவு' என்று பார்த்தால் பச்சை மீனைவிடக் கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, வறுத்தால் புரதம் பெருகுகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 18 கிராம் புரதம் உள்ள 100 கிராம் துண்டைச் சமைக்கும்போது 20 கிராம் தண்ணீர் வெளியேறினால், மிஞ்சும் 80 கிராம் துண்டிலும் அதே 18 கிராம் புரதம்தான் இருக்கும். அதை மறுபடி 100 கிராமுக்குக் கணக்கிட்டால் இருபத்திரண்டரை என்று வரும். தண்ணீர் குறைந்ததே தவிர, புரதம் கூடவில்லை. ஆகையால், எந்தச் சமையல் முறையை எதனோடு ஒப்பிட்டாலும், சமைப்பதற்கு முன் இருந்த முழுத்துண்டில் எவ்வளவு இருந்தது, சமைத்த பின் அந்த முழுத்துண்டில் எவ்வளவு எஞ்சியது என்று பார்ப்பதே முறை.

அடுத்தது சூடு. குழம்பு எவ்வளவுதான் தளதளவென்று கொதித்தாலும் அதன் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வறுக்கும் எண்ணெயோ 160 முதல் 180 டிகிரி வரை இருக்கும். ஆனால், அந்த 180 டிகிரி சூடு துண்டின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே ஈரம் இருக்கும்வரை, துண்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. எனவே, விரல் பருமனுக்கு வெட்டிய வஞ்சிரத் துண்டை வறுப்பதும், நெத்திலியை மொறுமொறுவென்று முறுகவிடுவதும் ஒன்றல்ல. முன்னதில் உள்ளே இருக்கும் சதை வெந்த மீன்தான். பின்னதில் மீன் முழுவதுமே மேல்தோலாகிவிடுகிறது. வறுவல் என்று ஒரே பெயரால் நாம் அழைக்கும் இந்த இரண்டிலும் சத்திழப்பு ஒரே அளவாக இருக்காது.

நீரில் கரையும் சத்துகள் என்றால் பி வகை வைட்டமின்கள், பொட்டாசியம், கடல் மீனில் உள்ள அயோடின் ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றுள் தயமின் எனப்படும் பி1 சூட்டுக்கும் தாங்காது, தண்ணீரிலும் கரையும். அதுதான் முதலில் குறையும். மீன் நமக்குத் தரும் சத்துகளில் முக்கியமான பி12 சூட்டை ஓரளவு தாங்கும் என்றாலும், ஜப்பானில் ஒருவகைச் சிறு மீனைப் பல முறைகளில் சமைத்து அளந்தபோது சில முறைகளில் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. இருந்தும் நான் இதைப் பெரிதாக்க மாட்டேன். ஏனென்றால், பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தேவைப்படும் பி12 இரண்டு மைக்ரோகிராமைச் சற்றே தாண்டும் அளவுதான். பாதி போனாலும் சாளையின் சில துண்டுகளே அதைக் கொடுத்துவிடும். மீனைத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் சுறாப்புட்டு செய்யும் வீடுகளில் உண்டு. அங்கே மாமா சொன்ன இழப்பு உண்மையாகவே நேர்கிறது. சுறாவை இட்லிச் சட்டியில் ஆவியில் அவித்து உதிர்த்தால் அந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

நம் ஊர்ப் புளிக்குழம்பின் செய்முறையே சத்தைக் காப்பதற்கு ஏற்றதாக அமைந்திருக்கிறது. வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, புளித்தண்ணீர் ஊற்றி, மசாலாவின் பச்சை வாடை போகக் கொதிக்கவைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வந்த பிறகுதான் மீனைப் போடுகிறோம். போட்டபின் ஐந்து முதல் எட்டு நிமிடங்களில் இறக்கிவிடுகிறோம். நெடுநேரக் கொதி எல்லாம் குழம்புக்குத்தான், மீனுக்கு அன்று. மீனிலிருந்து கசியும் கொழுப்பும் மேலே மிதக்கும் நல்லெண்ணெயோடு கலந்து தட்டுக்கே வருகிறது. வைட்டமின் டி-யிலும், இதயத்துக்கு வேண்டிய ஒமேகா-3 என்னும் கொழுப்பு வகையிலும் மீனிலிருந்து கசிந்தது அந்த மிதப்பில்தான் இருக்கும் என்பதால் அதை வழித்து ஒதுக்கக் கூடாது. ஆனால், குழம்பு பளபளக்க வேண்டும் என்பதற்காக ஆரம்பத்திலேயே கால் லிட்டர் எண்ணெய் ஊற்றும் பழக்கத்தை இதைச் சொல்லி நியாயப்படுத்தவும் முடியாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 45 கலோரி என்பதை இதய நோயாளி வீட்டில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

அயிரை மீன் குழம்பைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் மீன் பேச்சு முடியாது. சத்துக் கணக்கிலும் அதற்குத் தனி இடம் உண்டு. உயிரோடு வாங்கி வந்து, தண்ணீரிலோ பாலிலோ நீந்தவிட்டு, வயிற்று மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்பும் சட்டியின் சொரசொரப்புமாகத் தேய்த்துக் கழுவிய பிறகு, தலையையோ குடலையோ நீக்காமல் முழுதாகவே குழம்பில் போடுகிறோம். பெரிய மீனைச் சாப்பிடும்போது நாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் முள், தலை, கண், உள்ளுறுப்பு எல்லாம் இங்கே வயிற்றுக்குள் போய்விடுகின்றன. சதையில் கால்சியம் சொற்பம். அது இருப்பது முள்ளில். புளியின் அமிலம் அந்த மெல்லிய முள்ளை இளக்கி, கால்சியத்தில் ஒரு சிறு பகுதியைக் குழம்பிலும் கரைக்கிறது. சிறு மீன்களை முள்ளோடு சாப்பிட்டவர்களின் உடலில் அந்தக் கால்சியம் பாலில் உள்ள கால்சியத்துக்கு ஈடாகவே உறிஞ்சப்படுவதாக வங்கதேச மீன்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. அதே நாட்டில் 'மோலா' என்று அழைக்கப்படும் சிறு கெண்டை இனத்தை ஆராய்ந்தபோது, அதன் வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணிலும் உள்ளுறுப்பிலும் இருப்பது தெரியவந்தது. தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சமைக்கும் வீடுகளில் குழந்தைகளுக்கு அது கிடைப்பதில்லை. நம் அயிரையில் இன்னது இவ்வளவு என்று மோலாவின் எண்களை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்றாலும், சிறு மீனை முழுதாகச் சமைத்து முழுதாகச் சாப்பிடுவதன் பயன் இரண்டுக்கும் பொதுவானது. கோடையில் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது பெரிய விராலும் கட்லாவும் சிக்கினால் ஊரே கொண்டாடுகிறது. கூடையின் அடியில் கிடக்கும் பொடி மீனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. சத்தை மட்டும் வைத்துப் பேசினால் நான் அந்தப் பொடி மீனையே முதலில் எடுப்பேன்.

இனி, உங்கள் தந்தை கேட்கும் வறுவலுக்கு வருகிறேன். சூடான எண்ணெயில் மீன் துண்டு விழுந்ததும் சடசடவென்று கேட்பது, ஈரம் ஆவியாகி வெளியேறும் சத்தம். அந்த ஈரம் விட்டுச்சென்ற இடத்தில் எண்ணெய் புகுகிறது. துண்டை வெளியே எடுத்து ஆறவிடும்போதும் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. அதே நேரத்தில் மீனின் சொந்தக் கொழுப்பில் ஒரு பகுதி சட்டி எண்ணெயில் கலக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கு நட்டம் என்பது மீனைப் பொறுத்தது. விரால், சங்கரா, கட்லா போன்றவற்றில் கொழுப்பு இயல்பாகவே குறைவு. சதையில் ஒன்றிரண்டு விழுக்காடாகக்கூட இருக்கும். அவை கொடுப்பதற்கு அதிகம் இல்லை, வாங்கிக்கொள்வதோ அதிகம். 100 கிராம் துண்டுக்கு 5 முதல் 10 கிராம் எண்ணெய் ஏறுவது சாதாரணம். கொழுப்பு மிகுந்த பருவத்துச் சாளையும் கானாங்கெளுத்தியும் இதற்கு நேர்மாறானவை. அவை ஏற்கெனவே கொழுப்பு நிறைந்தவை என்பதால் புதிதாக ஏற்றுக்கொள்வது குறைவு, இழப்பது கூடுதல். எந்த மீனுக்காக மருத்துவர் 'வாரம் இருமுறை' என்று சொன்னாரோ, அந்த எண்ணெய்ச் சத்துள்ள மீனைத்தான் வறுக்கும்போது நாம் அதிகம் இழக்கிறோம். என் பார்வையில், குழம்புக்குச் சாளை, வறுவலுக்கு விரால் என்று பிரித்துக்கொள்ளும் வீட்டில் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

ஒமேகா-3 கொழுப்புகள் சூடு பட்டாலே அழிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவது மிகைப்படுத்தல். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகிய இரண்டும் ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரியக்கூடியவைதாம். ஆனால், சதைக்குள் பொதிந்திருக்கும்வரை அவற்றுக்கு நல்ல காப்பு உண்டு. அவிப்பதிலும் குழம்பு வைப்பதிலும் அடுப்பில் சுடுவதிலும் அவற்றில் பெரும்பகுதி எஞ்சுவதாகவே பெரும்பாலான அளவீடுகள் காட்டுகின்றன. வறுக்கும்போதும் அவை வெந்து அழிவதைவிட எண்ணெயில் கலந்து வெளியேறுவதே முதன்மையான இழப்பு. வைட்டமின் டி-யும் அதே வழியில்தான் போகிறது. அமெரிக்காவில் சால்மன் மீனை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அடுமனை அடுப்பில் சுட்ட துண்டில் வைட்டமின் டி கிட்டத்தட்ட முழுவதும் இருந்தது. தாவர எண்ணெயில் வறுத்த துண்டில் பாதிதான் எஞ்சியது. நாள் முழுவதும் அலுவலகத்துக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு, மதுரை வெயிலுக்கு நடுவிலும், இந்த வைட்டமின் குறைபாடு காணப்படுகிறது என்பதால் அந்தப் பாதியைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது.

எந்த எண்ணெயில் வறுப்பது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு, ஒமேகா-6 என்னும் மற்றொரு கொழுப்பு வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலம். நல்லெண்ணெயில் நாற்பதை ஒட்டியும், கடலை எண்ணெயில் முப்பதை ஒட்டியும், தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவாகவும் அது இருக்கிறது. கொழுப்பு குறைந்த மீனைச் சூரியகாந்தி எண்ணெயில் வறுத்தால், தட்டுக்கு வரும் கொழுப்பில் பெரும்பங்கு எண்ணெயினுடையதே. மீனுடையது ஓரத்தில் கொஞ்சம் இருக்கும். இதனால் ஒமேகா-6, ஒமேகா-3 விகிதம் தலைகீழாகிவிட்டது என்று சிலர் பதறுகிறார்கள். எனக்கு அந்தப் பதற்றம் இல்லை. விகிதத்தைவிட, இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து நாள் சராசரியாக 250 மில்லிகிராமாவது உள்ளே போகிறதா, தேவையில்லாத கலோரி எவ்வளவு ஏறுகிறது, எண்ணெய் புதியதா பழையதா என்ற மூன்றும் முக்கியம். அவற்றுள்ளும் மூன்றாவதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

சாலையோரக் கடைகளில் காலையில் ஊற்றிய எண்ணெயிலேயே இரவு வரை மீன் பொரிவதை நாம் பார்க்கிறோம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்தால் உடைந்து, ஆல்டிஹைடுகள் உள்ளிட்ட, துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் உருவாகின்றன. மசாலாத் துகள்கள் அடியில் கருகுவது அதை விரைவுபடுத்துகிறது. எண்ணெயில் இத்தகைய துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்திருக்கும் வரம்பு 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லை என்றாலும், எண்ணெய் கறுத்துக் கெட்டியாவது, மீனைப் போடும்போது நுரை அடங்காமல் பொங்குவது, வழக்கத்தைவிட முன்னதாகவே புகைவது ஆகியவை போதுமான அடையாளங்கள். மீனின் ஒமேகா-3 கசிந்து கலந்த எண்ணெய் மற்ற எண்ணெயைவிட விரைவில் கெடும் என்பதால், மீன் வறுத்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் அப்பளம் பொரிப்பது சிக்கனம் அன்று.

வறுவல் சாப்பிடுபவர்களுக்கும் மற்ற முறையில் மீன் சாப்பிடுபவர்களுக்கும் இதய நோயில் வேறுபாடு உண்டா என்று அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. சூரை மீனையோ, சுட்ட அல்லது அடுப்பில் வேகவைத்த மீனையோ சாப்பிட்டவர்களிடம் இதய இரத்தக்குழாய் நோயால் ஏற்படும் மரணம் குறைவாக இருந்தது; வறுத்த மீனும் மீன் சாண்ட்விச்சும் சாப்பிட்டவர்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை. மருத்துவர்கள் வறுவல் வேண்டாம் என்று சொல்வதற்கு இத்தகைய முடிவுகளே பின்னணி. ஆனால், அங்கே வறுத்து விற்கப்படுவது பெரும்பாலும் கொழுப்பு மிகக் குறைந்த வெள்ளைச் சதை மீன் என்பதையும், அதைக் கடைகளில் வாங்கிச் சாப்பிடுபவர்களின் மற்ற பழக்கங்களும் வேறானவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் புது எண்ணெயில் வாரம் ஒருமுறை வறுத்த இரண்டு துண்டு விரால், அந்த ஆய்வில் சொல்லப்படும் வறுவலோடு முழுதும் ஒத்தது அன்று.

எனவே, தந்தைக்கு வறுவலே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. வறுக்கும் முறையை மாற்றச் சொல்வேன். எண்ணெய் நிறைந்த சட்டியை விட்டுவிட்டு, தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டு, மிதமான தீயில் இருபுறமும் திருப்பிப் போட்டு எடுக்கலாம். கல் நன்றாகக் காய்ந்த பிறகே துண்டை வைக்க வேண்டும். காயாத கல்லில் வைத்தால் மீன் ஒட்டிக்கொள்வதோடு, மேலே பொருக்கு கட்டுவதற்குள் எண்ணெயையும் குடித்துவிடும். மசாலாவில் மஞ்சள்தூள், பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். இவை சுவைக்கு மட்டும் அல்ல, சதையின் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதையும், அதிகச் சூட்டில் சதையின் மேற்பரப்பில் உருவாகும் தீங்கான சேர்மங்களையும் ஓரளவு குறைக்கின்றன. மாவுப் பூச்சைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. அரிசி மாவோ சோள மாவோ பூசினால், உள்ளே இருக்கும் சதை ஈரம் இழக்காமல் காக்கப்படுகிறது. ஆனால், அந்தப் பூச்சு எண்ணெயைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது, பூச்சைத்தான் நாம் முதலில் விரும்பிச் சாப்பிடுகிறோம். தோசைக்கல்லில் வறுக்கும்போது மெல்லியதாகத் தூவினால் போதும். பஜ்ஜி மாவு போல் தோய்த்தெடுப்பது தேவையில்லை.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாழையிலையில் மடித்து இட்லிச் சட்டியில் ஆவியில் வேகவைப்பது, சத்து எஞ்சுவதில் குழம்போடு போட்டியிடக்கூடியது. இலையில் தேங்கும் சாற்றையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றிய அச்சத்துக்குக் காரணம் இல்லை. நேரம் குறைவு என்பதால் இழப்பும் குறைவே. கரித்தணலில் சுடும்போது கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகை, பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்த் தன்மையுள்ள சேர்மங்களைத் துண்டின்மேல் படியவைக்கிறது என்பதால், சுடுவதானால் தணலிலிருந்து உயர்த்திப் பிடித்து, கருகிய தோலை நீக்கிவிடுவது நல்லது. இப்போது பல வீடுகளுக்கு வந்திருக்கும் ஏர் பிரையர் எண்ணெயை மிச்சப்படுத்துகிறது என்பது சரி. ஆனால், சூடான காற்று இடைவிடாமல் வீசுவதால் சாளை போன்ற கொழுப்பு மீனில் ஆக்சிஜனேற்றம் கூடுகிறது. மேலே கொத்தமல்லி, பூண்டு விழுதைப் பூசி, கையேட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாமல் எடுத்தால் பயன்படுத்தலாம்.

சமையல் முறையால் மாற்ற முடியாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம்மைப் போல் கடலிலிருந்து தள்ளி வாழ்பவர்களுக்கு அது முக்கியம். மதுரை மீன் சந்தைகளுக்கு வரும் கடல் மீன் இராமேசுவரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஐஸ் பெட்டியில் பல மணி நேரம் பயணம் செய்து வருகிறது. வழியிலோ, கடைப் பலகையிலோ, வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் தொங்கும் பையிலோ சூடேறினால், சூரை, கானாங்கெளுத்தி, சாளை ஆகியவற்றின் சதையில் உள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை நுண்ணுயிரிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் படபடப்பும் வருவது இதனால்தான். பலர் அதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து வாழ்நாள் முழுவதும் மீனையே ஒதுக்கிவிடுகிறார்கள். எவ்வளவு கொதிக்கவைத்தாலும், எவ்வளவு முறுக வறுத்தாலும், உருவாகிவிட்ட ஹிஸ்டமின் அழியாது. பெரிய கடல் மீன்களில் சேரும் பாதரசமும் அப்படியே. சமையலறையில் செய்ய முடியாததை மார்க்கெட்டில்தான் செய்ய வேண்டும்: காலையிலேயே போய், செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருப்பதைப் பார்த்து வாங்கி, கடைக்காரரிடம் ஒரு கை ஐஸ் கேட்டு வாங்கி மீனோடு பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வர வேண்டும். வெட்டிய பிறகு துண்டுகளைத் தண்ணீரில் நெடுநேரம் ஊறவிடுவதும், உறைந்த மீனை வெளியே வைத்துச் சொட்டச் சொட்ட உருகவிடுவதும் அடுப்பில் வைப்பதற்கு முன்பே பி வைட்டமின்களை வெளியேற்றும் வேலைகள்.

முதல் நாள் குழம்பை மறுநாள் சாப்பிடுவது பற்றிச் சொல்வதானால், சுவையில் அதற்கு ஈடில்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புளியின் அமிலம் கெடுவதைத் தாமதப்படுத்தினாலும், வெந்த மீனை இரவு முழுவதும் அடுப்பு மேடையில் விட்டுவைக்கக் கூடாது. ஆறியதும் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து ஒருமுறை சூடாக்கலாம். சட்டியோடு மூன்று வேளையும் கொதிக்கவைத்தால் ஒவ்வொரு கொதிக்கும் கொழுப்பு மேலும் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. பி வைட்டமின்களும் குறைகின்றன. தண்ணீர் சுண்டச் சுண்டக் குழம்பில் உப்பும் கூடுகிறது.

உப்பு என்றதும் கருவாடு நினைவுக்கு வருகிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாலும், மழைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது வீட்டில் அதுதான் மாற்றாக வரும். தண்ணீர் வற்றியதால் அதில் எடைக்கு எடை புரதம் மிக அதிகம். முழு நெத்திலிக் கருவாட்டில் கால்சியமும் மிகுதி. ஆனால், வெயிலில் காய்வது வைட்டமின் ஏ-யைப் பெருமளவு அழிக்கிறது. சாளை போன்ற கொழுப்பு மீன்களில் ஒமேகா-3 காற்றுபட்டுக் காறிப்போகிறது, மஞ்சளித்த நிறமும் காறல் வாடையும் அதன் அடையாளம். இவற்றையெல்லாம்விட உங்கள் தந்தைக்குக் கவலை தருவது உப்பு. பெரியவர் ஒருவர் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பிட்டுக் காய்ந்த கருவாட்டில் சில துண்டுகளிலேயே அதில் பெரும்பகுதி வந்துவிடும். அவருக்குக் கருவாடு ஆசையாக இருந்தால், உப்பிடாமல் காயவைத்த நெத்திலியாகப் பார்த்து வாங்கி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் அலசி, கத்தரிக்காயும் மொச்சையும் கூடுதலாகப் போட்டுக் குழம்பு வையுங்கள். குழம்புக்கென்று தனியாக உப்புப் போடாமல், கருவாடு வெந்தபின் ருசி பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் ஒரு சிட்டிகை சேர்த்தால் போதும்.